தீக்குப் பெயரிட்டவர் யார்?



வங்காள விரிகுடாவில் எழும் சூறாவளிக்கு, அது தோன்றுமுன்பே பெயர் ஆயத்தமாக இருக்கிறது. கரையோர நாடுகள் எழுதிக்கொடுத்த பட்டியலிலிருந்து 2004ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு பெயராக எடுத்து வழங்கி வருகின்றனர். காட்டுத் தீக்கு அந்த வசதி கிடையாது. அது மூண்ட பின்னரே பெயர் பெறுகின்றது. பல வேளைகளிற் பெயரே பெறாமல் அவிந்துபோகின்றது. ஒரு நாட்டில் ஒரே நாளிற் பத்து இடங்களில் தீ மூண்டுவிட்டால், எது எந்தப் பெயரைப் பெற்றது, எதனை எவர் மூட்டினார் என்று பிரித்தறிவது வரலாற்று மாணாக்கனுக்கு வாய்த்த கடினமான வேலைகளுள் ஒன்று. அவ்வேலையின் இயல்பைப் பிறநாட்டு நிகழ்ச்சிகள் இரண்டைக் கொண்டு விளக்கிய பின், நம் மலைநாட்டுக்கு வருவேன். எங்கள் கொச்சிக்கடைப் பிள்ளைகளுக்குக் காட்டுத் தீ என்றால் படத்திற் கண்ட காட்சிதான். ஆயினும் அவர்களுட் பலருடைய பாட்டன்மார் எரிந்த மலையிற் கால் வைத்தவர்கள்.

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் ஒரு மாட்டுக் கொட்டிலில் தீப் பற்றியது. இரண்டு நாள் எரிந்து, 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். இதனை உலகம் 'சிக்காகோப் பெருந்தீ' என்று இன்றும் அறியும். அதே இரவில், அந்நகருக்கு ஏறத்தாழ 250 மைல் வடக்கே, விஸ்கொன்சின் மாநிலத்துக் காட்டினிடையே பெஷ்டிகோ என்னும் மரத்தொழிற் சிற்றூரும், அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் எரிந்தன. அங்கே மாண்டவர் 1,200 பேர் என்பாரும், 2,000க்கும் மேல் என்பாரும் உளர். ஊரவரின் பதிவேடுகளும் நெருப்பிற் போயினமையால் எண்ணிக்கை இன்றுவரை முடிவாகவில்லை. இன்னாரென்று அடையாளங் காண முடியாத ஏறக்குறைய 350 உடல்கள் ஒரே குழியில் அடக்கஞ் செய்யப்பட்டன. ஏரிக்கு மறுகரையில், மிச்சிகன் மாநிலத்தில், ஹொலன்ட், மனிஸ்டீ முதலிய ஊர்களும் அன்றே எரிந்தன.

இத்தனை நெருப்புகளுள் ஒன்றுக்கே உலகப் பெயர் வாய்த்தது. காரணம் எளியது. சிக்காகோவில் தந்தி இருந்தது, செய்தித்தாள்கள் இருந்தன, எரிந்த கடைகளுக்குக் காப்புறுதி இருந்தது. பெஷ்டிகோவுக்குச் சென்ற தந்திக் கம்பி எரிந்துவிட்டது. விஸ்கொன்சின் தலைநகருக்குச் செய்தி எட்டியபோது, அந்த மாநில ஆளுநர் சிக்காகோ மக்களுக்கு உதவுவதற்கென்று அங்கே போயிருந்தார். ஆளுநரின் மனைவியாகிய பிரான்சஸ் பெயர்சைல்ட் அம்மையார், சிக்காகோவுக்கென உணவும் துணியும் ஏற்றிய புகையிரதத்தைத் தடுத்து, வடக்கே பெஷ்டிகோப் பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கு அரசாங்கப் பதவி எதுவும் இல்லை. அந்த ஒரு கட்டளையை அன்று அதிகாரத்தில் இருந்த எவருடைய கட்டளையினும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

இன்னொரு விந்தையுங் கூறவேண்டும். சிக்காகோவின் முதலாவது நகர முதல்வராயிருந்த வில்லியம் ஒக்டன் என்பவரே பெஷ்டிகோவின் மர ஆலைக்கும் பெரும் உடைமைக்காரர். ஒரே இரவில் நகரத்துச் சொத்தும் காட்டுச் சொத்தும் அவருக்குப் போயின. இரண்டு நெருப்பையும் ஒருசேரக் கணக்கெடுத்தவர்கள் மிகச் சிலர். அவருள் இவர் ஒருவர் என்றே சொல்லலாம்.

இனிக் காரணத்துக்கு வருவோம். சிக்காகோத் தீக்கு மக்கள் உடனே ஒரு காரணங் கண்டனர். அக் கொட்டிலுக்கு உரியவர், ஐரிஷ் நாட்டிலிருந்து குடியேறிய ஓலியரி என்னும் ஏழைப் பெண். பால் விற்றுப் பிழைத்தவர். அவருடைய பசு விளக்கை உதைத்துக் கவிழ்த்தது என்று ஒரு கதை பரவியது. விசாரணைச் சபை சாட்சிகளைக் கேட்டும் உறுதியான முடிவு எதற்கும் வரவில்லை. 1893இல், அக்கதையைத் தாமே கற்பித்ததாகச் செய்தியாளர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் பசு போகவில்லை. பாட்டிலும் படத்திலும் உதைத்துக்கொண்டே இருந்தது. சிக்காகோ நகரசபை அப்பெண்மீது குற்றமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது 1997ஆம் ஆண்டில்; அதாவது 126 ஆண்டுகள் கழித்து.

ஒரே இரவிற் பல இடங்கள் எரிந்தமைக்கு ஒரு பசு போதாது என்று உணர்ந்தவர்கள் வானத்தை நோக்கினர். 1883இல் இக்னேஷியஸ் டொனலி என்னும் எழுத்தாளர், பியலா என்ற வால்வெள்ளி உடைந்து அதன் துண்டுகள் விழுந்தமையாலேயே இந்நெருப்புகள் மூண்டன என்று எழுதினார். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் விண்ணிலிருந்து நிலத்தை அடையும் சிறு கற்கள் காட்டைக் கொளுத்தும் அளவு சூடுடையன அல்ல.

உண்மை அவ்வளவு அழகாக இல்லை. அக்கோடையில் மாதக்கணக்காக மழை பொய்த்தது. மரம் வெட்டுவோர் கிளைகளையும் பட்டைகளையும் காட்டிலேயே குவித்து விட்டுச் சென்றனர். புகையிரதப் பாதை போடுவோர் வெட்டிய புதரைக் கொளுத்தினர். குடியேறிய உழவர் வயலுக்கென நிலத்தைச் சுட்டனர். செப்டம்பர் மாதத்திலேயே காட்டில் ஆங்காங்கே சிறு நெருப்புகள் புகைந்துகொண்டிருந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. 8ஆந் தேதி தென்மேற்கிலிருந்து கடுங்காற்று எழுந்தது. புகைந்தவை யாவும் ஒருங்கே எரிந்தன. ஆகவே நெருப்புகள் பல, பொறிகளும் பல, அவற்றை ஒரே இரவுக்குள் இணைத்தது காற்றும் வறட்சியும். இந்த இரண்டையும், அதாவது பொறியையும் பொதுச் சூழலையும், தனித்தனியே விசாரிக்காதவர்கள் பசுவிடம் போவார்கள். அல்லது வால்வெள்ளியிடம் போவார்கள்.

இந்த விசாரணை எவ்வாறு முறைப்பட்டது என்பதை அவுஸ்திரேலியாவிற் காணலாம். நம்மவர் பலர் இன்று குடியிருக்கும் மெல்பேண் நகரம் விக்டோரியா மாநிலத்தின் தலைநகர். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் தேதி அந்நகரில் வெப்பநிலை 46.4 பாகை செல்சியசை எட்டியது. அன்று அம்மாநிலத்தில் நூற்றுக்கணக்கான நெருப்புகள் மூண்டன; 173 பேர் மாண்டனர். நாளுக்கு 'கரிய சனி' என்று ஒரே பெயர். அந்த ஒரு பெயருக்குள்ளே அடங்கியவற்றைப் பிரித்துக் காட்டியது அதன்பின் அமைந்த அரச விசாரணைக் குழு. கில்மோர் கிழக்குத் தீயில் 119 பேர், மரிண்டிண்டித் தீயில் 40 பேர், சேர்ச்சில் தீயில் 11 பேர், பீச்வேர்த் பக்கத்தில் இருவர், பெண்டிகோவில் ஒருவர்.

பெயரிடுவதில் ஒரு நுட்பத்தை இங்கே நேயர்கள் கவனிக்கவேண்டும். அரச ஏட்டில் தீ மூண்ட இடத்தின் பெயரே தீயின் பெயர். மக்களோ மனிதர் மாண்ட இடத்தின் பெயரைச் சொல்லுவர். கில்மோர் கிழக்கில் மூண்ட நெருப்பு கிங்லேக் என்னும் மலையூரை அழித்தது; மரிண்டிண்டி நெருப்பு மேரிஸ்வில் என்ற ஊரை அழித்தது. மேரிஸ்வில் மக்களிடம் மரிண்டிண்டித் தீ என்று சொன்னால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வியப்பில்லை. தமிழ்நாட்டிலே, தேனி மாவட்டத்தில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் தேதி மலையேறச் சென்றோரில் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நெருப்பும் இவ்வாறே: எரிந்தது மேலே புற்சரிவு; பெயர் அடிவாரத்துக் குரங்கணிக்கு. அதே ஆண்டு நவம்பரிற் கலிபோர்னியாவில் 85 பேரைக் கொன்ற தீக்கு, அது மூண்ட இடத்தருகேயுள்ள சாலையின் பெயரால் 'காம்ப்' தீ என்று பெயர் இட்டனர். ஏதோ கூடாரத்தில் மூண்டது போலும் என்று தூரத்திலுள்ளோர் மயங்குவர். அதை மூட்டியது ஒரு மின்கம்பித் தொடர்.

காரணத்தைக் காணும் முறையும் அறியத்தக்கது. ஆய்வாளர் எரிந்த பரப்பின் ஓரத்திலிருந்து பின்னோக்கி நடப்பர். கல்லின் எப்பக்கம் கறுத்திருக்கின்றது, புல்லின் தண்டு எத்திசை சாய்ந்திருக்கின்றது, மரத்திற் கருகல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கின்றது என்பவற்றைக் கொண்டு நெருப்புப் போன வழியைத் தலைகீழாக வாசிப்பர். பெரும்பரப்பு இவ்வாறு சுருங்கிச் சுருங்கி ஒரு சிறு இடமாகும். அவ்விடத்தில் என்ன கிடைக்கின்றது என்பதே வினா. கில்மோர் கிழக்கில் அறுந்து விழுந்த பழைய மின்கம்பி கிடைத்தது. சேர்ச்சிலில் ஒருவன் வேண்டுமென்றே மூட்டியது தெளிவாயிற்று. அன்று மூண்ட 11 பெருந்தீக்களுள் 5 மின்சாரக் கருவிகளின் பழுதால் மூண்டவை என்று குழு கண்டது. மரிண்டிண்டித் தீயை முதலிற் கொடியவன் ஒருவன் வைத்த தீ என்றே பொலிசார் ஐயுற்றனர். இரண்டு ஆண்டு ஆராய்ந்த பின்னர், 2011இல், அதற்கும் மின்கம்பியையே காரணமாகக் கூறினர். இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. கில்மோர் கிழக்குத் தீயில் இழந்தோர்க்கு 2014இல் ஏறத்தாழ 50 கோடி அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடாகக் கிடைத்தது. காரணம் 'கோடை வெப்பம்' என்று மட்டும் எழுதி ஏட்டை மூடியிருந்தால் அவர்களுக்கு ஒரு சதமும் கிடைத்திராது.

இனி நம் மலைநாடு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, முகடு தாண்டி ஊவாவுக்கு வறண்ட காற்றாய் இறங்குகின்றது. கீழே மட்டக்களப்பார் இதனைக் கச்சான் என்பர். ஆனி, ஆடி தொடங்கிப் பதுளை, மொனராகலைப் பக்கங்களில் மானாப்புல் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்து நிற்கும். அப்போது செய்திகளில் 'மலையகத்தில் காட்டுத் தீ' என்று ஒரே வரி வரும். எந்த மலை, எத்தனை நெருப்பு, எவர் வைத்தது என்ற வினாக்களுக்கு அந்த வரியில் இடமில்லை. நம் நாட்டில் இடி மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால், மின்னலால் மூளும் காட்டுத் தீ மிக அரிது. மனிதர் கையால் மூள்பவையே ஏறக்குறைய யாவும். மாட்டுக்கு இளம்புல் வேண்டிக் கொளுத்துவோர் உளர். வேட்டைக்குக் கொளுத்துவோர் உளர். வீசிய பீடித் துண்டும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஈடாக நெடுங்காலம் குற்றம் சுமந்தவன் ஒருவன். அவன் சேனை செய்யும் ஏழை உழவன். இந்நாட்டின் ஓலியரிப் பசு அவனே.

சேனைக்காரன் புதரை வெட்டி எரித்து, இரண்டொரு போகம் குரக்கனோ சோளமோ விளைவித்து, நிலத்தை மீண்டும் காடாக விட்டுவிடுபவன். அவன் தீ வைத்தான் என்பது உண்மை. ஆனால் அவன் மட்டுமா வைத்தான்? 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் இல்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியென்று கொண்டது. சேனை நிலமும் அதிற் சிக்கியது. அக்காலத்தில் முடிக்குரிய காட்டை ஏக்கர் ஒன்று 5 சிலிங்குக்குக் கோப்பித் துரைமார் வாங்கினர். 1844இல் விலை 20 சிலிங்காக உயர்ந்தது. வாங்கிய காட்டை அவர்கள் என்ன செய்தனர்? வெட்டி வீழ்த்தி, வெயிலிற் காயவிட்டு, கொளுத்தினர். கோடரி பிடித்தோர் பெரும்பாலும் அயற் சிங்களக் கிராமத்தவர். எரிந்த சாம்பரிற் குழி தோண்டிக் கன்று நட்டவர் தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம்மவர். வறண்ட வாரங்களில் மலைத்தொடர் எங்கும் ஒரே காலத்திற் பல தீ எழுந்தன. 1870களின் இறுதியிற் கோப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய 275,000 ஏக்கரைக் கொண்டிருந்தன. அதன் பெரும்பகுதி நெருப்பினூடே வந்த நிலம்.

ஆயினும் துரை வைத்த நெருப்புக்கு ஏட்டில் வேறு பெயர்: 'தோட்டந் திறத்தல்'. சேனைக்காரன் வைத்ததற்குப் பெயர் 'காட்டழிவு'. இரண்டும் ஒரே காற்றில் எரிந்த ஒரே நெருப்பு. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்பதை நிறுத்துமாறு தாவரவியலறிஞர் ஹூக்கர் 1873இல் கூறிய அறிவுரை ஏற்கப்பட்டது. 1885இல் வனக் கட்டளைச் சட்டமும் வந்தது. அப்போதும் அனுமதிச் சீட்டுக்குக் கச்சேரி வாசலில் நின்றவன் சேனைக்காரனே. கோப்பி நோயால் அழிந்து, அதன் இடத்திலே தேயிலை ஏறிவிட்டது. எரித்த கணக்கை எவரும் கேட்கவில்லை. சேனையினாற் காட்டுக்குக் கேடே இல்லை என்று நான் வாதிடவில்லை. மக்கள் பெருகி, சுழற்சிக் காலம் குறுகியபோது கேடு விளைந்தது உண்மையே. கணக்கெழுதும்போது இரு பத்தியையும் எழுதவேண்டும் என்பதே என் வழக்கு.

இன்று வானிலே சுற்றும் செய்மதிகள் எரியும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டுகின்றன. ஒரே நாளில் ஊவாவில் எத்தனை இடங்கள் எரிந்தன என்று எண்ணிவிடலாம். அப்புள்ளியில் தீக்குச்சி பிடித்தவனைச் செய்மதி காட்டாது. அதற்கு ஒருவர் மலையேறிச் சென்று கல்லையும் புல்லையும் பார்க்கவேண்டும். கிராமத்தாரோடு அவர்கள் மொழியிற் பேசவும் வேண்டும்.

பழைய நெருப்புகளைப் பற்றியோ ஒரு சான்று இன்னும் நம் வாயில் இருக்கின்றது. துரைமார் தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்களை இட்டனர். தொழிலாளர் அதே தோட்டங்களைத் தமிழில் வேறு பெயர்களால் அழைத்தனர். பெர்குசன் வெளியிட்ட பழைய இலங்கைக் கைநூல்களில் அத்தமிழ்ப் பெயர்களும் அச்சாகியுள்ளன. எந்த மலையில் எந்தக் காடு நின்றது, அங்கே எவர் எதனை வெட்டினார் என்பதற்கான குறிப்பு அவற்றுட் சிலவற்றிலேனும் இருத்தல் கூடும். எங்கள் மேல்வகுப்பு மாணவர் சிலரிடம் விடுமுறைக்கு அட்டனுக்கும் பதுளைக்கும் போகும்போது முதியோரைக் கேட்டு அப்பெயர்களையும் அவற்றின் கதைகளையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வந்த குறிப்பேட்டில் 14 பெயர்கள் உள்ளன. அவற்றுள் மூன்றுக்குப் பொருள் சொல்ல அந்தத் தோட்டத்திலேயே இப்போது ஒரு மூதாட்டிதான் இருக்கிறாராம்.