மேன்டில் சொல்லும் கதை

'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் செந்தில் பெட்ரோமாக்ஸ் மேன்டிலை நசுக்கி உடைத்ததைப் பார்த்துச் சிரிக்காதவர் உண்டா? ஆனால் அவருடைய சந்தேகம் நியாயமானது. அந்த வெள்ளைப் பை எப்படி வெளிச்சம் தருகிறது?

வழி காட்டியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக். 1891 வாக்கில் சரியான கலவையைப் பிடித்தார். நூல் பையைத் தோரியம், சீரியம் நைட்ரேட் கரைசலில் நனைத்துக் காய வைப்பார்கள். முதல்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோய், ஆக்சைடு வலை மட்டும் மிஞ்சும். தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு. அந்த ஒரு பங்கு அருமண் இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கல்தான். தொட்டால் உதிர்வதும் அது வெறும் ஆக்சைடு என்பதால்தான். செந்தில் மேல் தப்பில்லை :-)

தோரியம் எங்கிருந்து வந்தது? 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. மணல் கப்பலேறியது, மேன்டில் ஐரோப்பாவில் ஆனது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1952-ல் ஆலுவாயில் ஆலை. 1955-ல், நான் குடியிருக்கும் சுனாபட்டிக்குக் கிழக்கே, செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் தோரியம் ஆலை. மேன்டில் செய்வோருக்குத் தோரியம் நைட்ரேட் இங்கிருந்தே போனது.

மேன்டில் சூட்டில் ஒளிர்வது. பழைய கலர் டிவியிலும் சிஎஃப்எல் விளக்கிலும் பூசிய ஒளிர்பொருள் வேறு ரகம். எலக்ட்ரானோ புற ஊதாக் கதிரோ பட்டால் போதும். யிட்ரியம் ஆக்சைடில் சில சதவீதம் யூரோப்பியம் சேர்த்தால் நல்ல சிவப்பு. இதைச் செய்யும் பழைய முறையில் பொடிகளை அரைத்துக் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுட்டு, மறுபடி அரைக்க வேண்டும். சுனாபட்டி என்றாலே சுண்ணாம்புக் காளவாய் என்றுதான் அர்த்தம். இதுவும் கிட்டத்தட்ட அந்தக் காளவாய் வேலைதான். பொடி பருமனாகும், கலப்பும் லேசில் சீராகாது.

1988-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்லியும் பாட்டீலும் ஒரு குறுக்கு வழியை வெளியிட்டார்கள். அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் (ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியா) தண்ணீரில் கரைத்து 500 டிகிரி உலையில் வைத்தார்கள். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பிடித்தது. தேவையான பெரும் சூட்டை அந்தத் தீயே கொடுத்தது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து, உதிரும் நுரையாக நுண்பொடி கிடைத்தது. எல்லாம் கரைசலிலேயே கலந்துவிடுவதால், சேர்க்கிற அருமண்ணும் சீராகப் பரவும். 1990-களில் பாட்டீல் குழு இதே வழியில் விளக்குக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பொருள்களையும் செய்தது. இன்று நானோ ஒளிர்பொருள் செய்ய உலகெங்கும் இந்த முறையைக் கையாள்கிறார்கள்.

மேன்டிலில் நூல் செய்ததை இங்கே யூரியா செய்கிறது. கரைசல், எரிபொருள், ஒரு தீ. பெரிய உலை வாங்க வசதியில்லாத கல்லூரியிலும் இதைச் செய்யலாம்.

நம் மணல் கப்பலேறிய கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து நிமிடத் தீயின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.