அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்தது, கப்பல் மூழ்கிடுச்சு

ஐசியூவில் ஒரு ராத்திரி டியூட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும். பெட்டுக்கு ஒரு மானிட்டர், விடிய விடிய பீப் சத்தம். பெரும்பாலும் பொய் அலாரம்தான். பேஷண்ட் புரண்டு படுத்திருப்பார், விரல் கிளிப் கழண்டிருக்கும். நாளடைவில் காது மரத்துப்போகும். நாங்க இதை அலாரம் ஃபெட்டீக்னு சொல்வோம்.

இதே வியாதி கப்பலுக்கும் வரும். அந்தக் கதைதான் இன்னைக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1988 ஏப்ரல் 14. பாரசீக வளைகுடா. சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் மாட்டியது. அடிவயிற்றில் சுமார் 15 அடி ஓட்டை. கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டையே முறிஞ்சது. என்ஜின் அறையில் வெள்ளம், கூடவே தீ. மேல்கட்டுமானம் விரிசல் விட, மாலுமிகள் இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினாங்க. உடைஞ்ச எலும்புக்கு ஆர்த்தோக்காரங்க கம்பி போடற மாதிரி! பல மணி நேரப் போராட்டம். 10 பேருக்குக் காயம். ஒருத்தர்கூட சாகலை.

அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் சேதத்தை எப்படிக் கணக்கு வைப்பாங்க தெரியுமா? கப்பலின் வரைபடத்தை விரிச்சு, தண்ணி எங்கே, தீ எங்கேன்னு பென்சிலால் குறிப்பாங்க. தகவல் வர்றது பேசுறவர் குரலின் சக்தியிலேயே ஓடும் டெலிபோனில். கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. என்ஜின், வால்வு, தீ, வெள்ளம் எல்லாம் ஒரே திரையில். ஆள் குறையும், செலவு குறையும். அமெரிக்கக் கடற்படை யார்க்டவுன் என்ற கப்பலை இதுக்குச் சோதனைக்கூடம் ஆக்குச்சு. 1997 செப்டம்பரில் ஒருத்தர் டேட்டாபேஸில் ஒரு இடத்தில் பூஜ்ஜியம்னு அடிச்சார். கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய், நெட்வொர்க்கே படுத்தது. கப்பல் நடுக்கடலில் இயக்கமில்லாம நின்னுபோச்சு. போர்க்காலமா இல்லாததால இன்னைக்கு நாம சிரிச்சுட்டுப் போறோம்.

ஹெல்கே இங்ஸ்டாட் கதையில் அப்படிச் சிரிக்க முடியாது.

2018 நவம்பர் 8, அதிகாலை 4 மணி. நார்வே கடலோரம். நேட்டோ பயிற்சி முடிஞ்சு 137 பேரோட வந்துக்கிட்டிருந்த போர்க்கப்பல் அது. கச்சா எண்ணெய் ஏத்தின ஒரு டேங்கரின் விளக்குகளைக் கரையிலிருக்கும் துறைமுக வெளிச்சம்னு நினைச்சாங்க. மோதல். வலப்பக்கம் 40 மீட்டருக்கு மேல் கிழிஞ்சது.

திரையில் அலாரங்கள் கொட்டுச்சு. எது முக்கியம், எது அதோட எதிரொலின்னு பிரிச்சுப் பார்க்கவே முடியலை. அந்த நேரம் ஒரு அதிர்ச்சி: அடிபடாத அறைக்குள்ளும் தண்ணி. ப்ரொப்பெல்லரைச் சுத்தற தண்டு உள்ளே குழாய் மாதிரி காலி. அது வழியா வெள்ளம் தடுப்புச்சுவரைத் தாண்டிடுச்சு. கதீட்டர் வழியா கிருமி ஏறுமே, அதே மாதிரி.

இத்தனை அறை நிரம்பினா கப்பல் தாங்காதுன்னு அவங்க படிச்ச பாடம் சொல்லுச்சு. மிதக்குமா மூழ்குமான்னு கணக்குப் போடும் கருவியை யாரும் பயன்படுத்தலை. கப்பலைக் கைவிட்டு இறங்கினாங்க. 137 பேரும் உயிரோட கரை சேர்ந்தாங்க. அந்த இருட்டில் அப்படி முடிவெடுத்த கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா விசாரணை அறிக்கை கண்டுபிடிச்ச விஷயம்தான் என்னை உலுக்குச்சு. இறங்கும்போது நீர்புகாக் கதவுகளும் மூடிகளும் திறந்தே கிடந்திருக்கு. அதையெல்லாம் மூடிட்டு வந்திருந்தா கப்பல் மிதந்திருக்கும்! இப்படி நேரத்துக்கு வேண்டிய பயிற்சியும் போதலைன்னு எழுதியிருக்காங்க.

2019ல் அதைக் கடலிலிருந்து தூக்கினாங்க. ரிப்பேர் பண்ண ஆகும் செலவு புதுக் கப்பல் விலையைவிட அதிகம்னு கணக்கு வந்தது. உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க.