வரிக்கடனும் பணிப்பாளர் பொறுப்பும்: 1772ஆம் ஆண்டின் கம்பனி நெருக்கடி

கம்பனிகள் தம் வரிக்கடப்பாட்டை முன்கூட்டியே கணித்து ஒழுகல் வேண்டும் என்பது அண்மைக்காலக் கோட்பாடாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயின், அக்கணிப்புத் தவறியதன் விளைவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வரலாறு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே புலப்படுத்தியுள்ளது.

1765இல் வங்காளத்தின் திவானி உரிமையைக் கம்பனி பெற்றதும், பிரித்தானிய அரசு அவ்வருவாயில் பங்கு கோரிற்று. 1767இல் ஆண்டுதோறும் 400,000 பவுண் செலுத்தக் கம்பனி உடன்பட்டது. தேயிலைத் தீர்வைக் குறைப்பால் திறைசேரிக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பையும் அதே ஆண்டில் ஏற்றது. வழமையான சுங்கத் தீர்வை இவற்றுக்குப் புறம்பானது.

1769இல் இவ்வுடன்பாடு புதுப்பிக்கப்பட்டது. பங்கிலாபம் 12½ வீதம்வரை உயரலாம்; 10 வீதத்திற்குக் குறையின் அரசுக்குரிய தொகையும் அதற்கேற்பக் குறையும் என விதிக்கப்பட்டது. எனவே, பங்கிலாபத்தைக் குறைத்துச் சுமையைத் தணிக்கும் வழி பணிப்பாளர்க்கு இருந்தது. எனினும், ஆண்டுதோறும் பங்குதாரரின் வாக்கால் தெரிவாகிய அவர்கள் அதனை நாடத் துணியவில்லை. 1770இன் பஞ்சம் வங்காளத்தைப் பாழாக்கிற்று, படைச்செலவு பெருகிற்று. அவ்வாறிருந்தும் 1772இன் முற்பகுதியில் 12½ வீதப் பங்கிலாபமே அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டு யூன் மாதத்தில் இலண்டனிற் கடன் நெருக்கடி மூண்டது. தேயிலை பண்டகசாலைகளில் விலைபோகாது தேங்கிற்று. இந்தியாவிலிருந்து வரையப்பட்ட 1,200,000 பவுணுக்கு மேற்பட்ட உண்டியல்கள் கொடுபடவேண்டியிருந்தன. திறைசேரிக்குரிய தீர்வையும் நிலுவையாயிற்று. ஈற்றில் 1773இல் அரசிடம் 1,400,000 பவுண் கடன்பெற்றுக் கம்பனி தப்பியது. பங்கிலாபம் 6 வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது.

இதனுடன் வந்த ஒழுங்காக்கற் சட்டம் பணிப்பாளரின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுகளாக்கியமை கருதத்தக்கது. நோயின் மூலம் ஆண்டுத் தேர்தலில் உள்ளதெனப் பாராளுமன்றம் கண்டது போலும். தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் விற்க இயற்றப்பட்ட சட்டமோ, 1773 திசெம்பர் 16இல் பொசுற்றன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் எறியப்படுவதில் முடிந்தது.

பஞ்சத்தின் பின்னரும் 1771இன் நிலவரி வசூல் 1768இனதை விஞ்சியதென வாரன் ஹேஸ்ரிங்ஸ் எழுதினார். குடிகளிடம் வரியைத் தவறாது அறவிட்ட கம்பனி, தான் செலுத்தவேண்டியதைக் கணக்கில் வையாமலே இலாபம் பகிர்ந்தது. பிரித்தானியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்கம்பனிகளின் வரிக்கணக்கு ஒழுங்கிற்கு மூத்த அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரிக்கொள்கையை வெளியிடப் பணித்தது. பங்கிலாபம் அறிவிக்குமுன் வரிக்கடனை அறிந்திருத்தல் பணிப்பாளரின் கடமை என்பதற்கு 1772இன் நிகழ்வே தக்க சான்றாகும்.