தவணையும் தண்டமும்: கம்பனிகளின் ஆண்டுத் திரட்டும் வன்னிப் பெருநிலப்பரப்பும்

வணிக வரலாறு நம்மிடையே பெரும்பாலும் விளைபொருள், விலை, வரி, வாணிபப் பாதை என்பவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வணிகன் அரசுக்குச் சமர்ப்பித்த தாள்களின் வரலாறு அரிதாகவே ஆராயப்படுகின்றது. ஆயினும் ஒரு கம்பனி ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பவேண்டிய திரட்டும், அது பிந்துமிடத்து விதிக்கப்படும் தண்டமும் அற்பமான அலுவலகக் கருமங்கள் அல்ல. காலம் எல்லார்க்கும் ஒரே சீராக ஓடுகின்றது என்ற எண்ணத்தின்மீதே தவணை என்னும் ஏற்பாடு கட்டப்பட்டுள்ளது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதித்தறிவதற்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பைப் போன்ற வேறொரு களம் இலங்கையில் இல்லை எனலாம்.

கடமையின் தோற்றம்

ஆண்டுத் திரட்டு என்னும் கடமை இங்கிலாந்திலே பிறந்தது. வில்லியம் கிளாட்ஸ்ரன் வர்த்தகச் சபையின் தலைவராயிருந்த காலத்தில், 1844இல் நிறைவேறிய கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டமே கம்பனிப் பதிவாளர் என்னும் பதவியை முதன்முதலில் தோற்றுவித்தது. 1855இல் வரையறுத்த பொறுப்பு என்னும் சலுகை வழங்கப்பட்டது. கம்பனி முறிந்தாலும் பங்குதாரன் தான் இட்ட பங்குப் பணத்துக்கு மேல் இழக்க வேண்டியதில்லை என்பதே அச்சலுகையின் சாரம். கடன் கொடுத்தவன் தன் பணத்துக்குப் பங்குதாரனின் வீட்டையும் வயலையும் இனி நாடமுடியாது. ஆதலின் கம்பனியின் உடைமையாளர் யாவர், முதல் எவ்வளவு, பணிப்பாளர் யாவர் என்பனவற்றையேனும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். பொறுப்பை வரையறுத்த சட்டம் அதற்கு ஈடாக வெளிப்படைத்தன்மையைக் கேட்டது. ஆண்டுத் திரட்டு அந்தக் கொடுக்கல் வாங்கலின் விலையாகும்.

1862ஆம் ஆண்டின் ஆங்கிலக் கம்பனிகள் சட்டம் திரட்டை அனுப்பத் தவறிய கம்பனிக்கு, தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து பவுணுக்கு மேற்படாத தண்டத்தை விதித்தது. பணிப்பாளரைப் பொறுத்தவரை, அறிந்தும் வேண்டுமென்றும் அத்தவறுக்கு இடங்கொடுத்தவரையே அது தண்டித்தது. இந்த வேறுபாடு நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டம் பிந்தியவனின் மனநிலையையும் விசாரித்தது. 1992இல் பிரித்தானியாவில் கணக்குகள் பிந்துவதற்கான தண்டம் தானாகவே விழும் குடியியல் தண்டமாக மாற்றப்பட்டது. இந்தியாவில் 2018 முதல் ஆண்டுத் தாக்கல்கள் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா மேலதிகக் கட்டணம் உச்ச வரம்பின்றி ஏறுகின்றது. ஏன் பிந்தினாய் என்று கேட்ட சட்டம், எத்தனை நாள் பிந்தினாய் என்று மட்டும் கேட்கும் சட்டமாக மாறிய வரலாறு இது.

இலங்கையில் 1861ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம், ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட 1938ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், இப்பொழுது நடைமுறையிலுள்ள 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் என இவ்வேற்பாடு படிமுறையாக வளர்ந்தது. இவையனைத்தும் கொழும்பை மையமாகக் கொண்டவை. தோட்டக் கம்பனிகளும் துறைமுக வணிகமுமே அவற்றின் முதற் பயனாளிகள்.

வன்னியும் கம்பனியும்

வன்னியிலே கம்பனி என்னும் வடிவம் ஏன் வேரூன்றவில்லை? மக்களுக்கு வணிக நாட்டமில்லை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் காரணம் நிலவுடைமை முறையிலே காணக்கிடக்கின்றது. 1902இல் வேலை தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் கீழும், பின்னர் ஏனைய குளங்களின் கீழும் எழுந்த குடியேற்றங்களின் காணிகளிற் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அக்காணியை உடையவர் அதனைத் தம் விருப்பப்படி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கமக்காரனின் முதன்மையான சொத்து சந்தைக்கு வரமுடியாத சொத்தாயிருந்தமையால் அது பங்கு முதலாக மாறவில்லை. காணி பறிபோகாது காத்த அதே ஏற்பாடு முதலாக்கத்தையும் தடுத்தது.

அதனால் ஊர்ச் சந்தையின் வணிகர் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் வழியே தனியுடைமையாகவோ பங்குடைமையாகவோ இயங்கினர். அங்கே ஆண்டுத் திரட்டு என்னும் கடமை இல்லை. பொறுப்புக்கு வரையறையும் இல்லை. கூட்டு முயற்சிக்கு இடமளித்தது கூட்டுறவுச் சங்கமே. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் கணக்காய்வு செய்விக்கும் பொறுப்பு கூட்டுறவுத் திணைக்களத்தைச் சார்ந்தது. கூட்டுறவில் அரசு கணக்கைத் தேடி வருகின்றது. கம்பனியில் கணக்கு அரசைத் தேடிச் செல்ல வேண்டும். பாதைகள் அடைபட்ட காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாயிற்று. போர்க்காலத்தில் வன்னி மக்களுக்கு உணவுப்பொருள் பங்கிட்ட முதன்மை நிறுவனங்களாகப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நிலைத்தமைக்கு, அவை அம்மண்ணிலேயே நிருவகிக்கப்பட்டமையும் ஒரு காரணமெனக் கருதலாம்.

பரந்தன் காட்டும் பாடம்

வன்னியின் பெருங் கைத்தொழில் முயற்சிக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையே எடுத்துக்காட்டு. 1950களில் அரசினால் நிறுவப்பட்ட இது ஆனையிறவின் உப்பைக் கொண்டு எரிசோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. போர் மூண்டதன் பின்னர் அங்கு உற்பத்தி நின்றது, கட்டடங்கள் சிதைந்தன. எனினும் நிறுவனம் அழியவில்லை. அரச கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக மாற்றும் 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 1990களின் தொடக்கத்தில் அது பரந்தன் கெமிக்கல்ஸ் கம்பனியாக்கப்பட்டது. குளோரினை இறக்குமதி செய்து வழங்கும் நிறுவனமாகக் கொழும்பிலிருந்து அது தொடர்ந்து இயங்கியது.

ஊரின் பெயரைத் தாங்கிய கம்பனி ஊரைவிட்டு நீங்கியும் சட்டத்தின் கண்ணில் உயிரோடிருந்தது. ஏனெனில் அதன் பதிவேடுகளும் பணிப்பாளரும் பதிவாளர் அலுவலகமும் ஒரே நகரிலிருந்தன. இதற்கு எதிரிடையான நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். களத்தில் உண்மையாகவே தொழில் செய்துகொண்டு, ஆவணத்தைக் கொழும்புக்குச் சேர்ப்பிக்க வழியற்றிருக்கும் ஒரு சிறு கம்பனி சட்டத்தின் கண்ணில் தவறிழைத்ததாகவே தோன்றும். கம்பனியின் சட்ட வாழ்வு தொழிலில் அன்றித் தாளில் தங்கியிருக்கின்றது என்பதே பரந்தன் காட்டும் பாடமாகும்.

அடைபட்ட பாதையும் ஓடிய தவணையும்

1990களில் வன்னியின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. 1996இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமாகியபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். 1998இல் நகரம் மீண்டும் விடுதலைப் புலிகளின் வசமாயிற்று. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டமை வணிகத்துக்குப் புத்துயிரளித்தது. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மறுபடியும் மூடப்பட்டது. ஓமந்தையூடாக மட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்தே எஞ்சியது.

புதிய கம்பனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 மே 3ஆம் நாளிலாகும். ஏற்கெனவே பதிவுபெற்ற கம்பனிகள் ஓராண்டுக்குள் புதிய பதிவிலக்கத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும் என்று அது விதித்தது. கொழும்பிலிருந்த செயலாளர் ஒருவருக்கு அது ஒரு படிவமும் ஒரு பிற்பகலும் மட்டுமே. அந்த ஓராண்டு முழுவதும் ஏ9 வீதி மூடியே கிடந்தது. தவணை முடிந்த 2008ஆம் ஆண்டிலேயே வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயரத் தொடங்கினர். 2009 மே மாதம் போர் முடிவுற்றபோது, முள்ளிவாய்க்காலிலிருந்து மனிக்பாம் முகாமை அடைந்தவர்களிற் பலர் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையுமே இழந்திருந்தனர். பங்குதாரர் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பேட்டையும் காத்துக்கொண்டு வருதல் எங்ஙனம் இயலும்? சட்டத்தின் நாட்காட்டியும் மண்ணின் நாட்காட்டியும் இவ்வாறு முற்றிலும் முரண்பட்டன.

இம்முரண்பாடு வரலாற்றுக்குப் புதிதன்று. குடியேற்ற ஆட்சியில் நெல்வரியைத் தவணையிற் செலுத்தாத கமக்காரரின் வயல்கள் விற்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்தில், குறிப்பாக வலப்பனையில், அதனால் விளைந்த அழிவை உதவி அரசாங்க அதிபர் லெமெசூரியர் வெளிப்படுத்தினார். அதைத் தொடர்ந்த விவாதத்தின் பின் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. விளைச்சலைப் பாராத தவணை முடிவில் தவணை விதித்தவருக்கே பழியாயிற்று.

சட்டம் அளித்த விடைகள்

இயலாததைச் செய்யுமாறு சட்டம் எவரையும் வற்புறுத்துவதில்லை என்பது உரோமரிடமிருந்து வந்த பழைய கோட்பாடு. இலங்கைப் பாராளுமன்றம் அதனை இரு தடவைகளில் ஏற்றுக்கொண்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் நீதிமன்றத்தை நாடவியலாது போனவர்களின் அசையாச் சொத்துரிமைக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்றது. 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், கொவிட்-19 தொற்றின் காரணமாக உரிய காலத்தில் செய்யவியலாத சட்டக் கருமங்களுக்கு 2020 மார்ச் 1 முதற்கொண்டு நிவாரணம் வழங்கியது. அதே 2020இல் இந்தியாவும் புதுத்தொடக்கத் திட்டமொன்றின் மூலம் கம்பனிகளின் பிந்திய தாக்கல்களுக்கான மேலதிகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது.

இவற்றை ஒப்பிடும்போது ஓர் இடைவெளி புலனாகின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் காணிக்கு மட்டுமே உரியது. கம்பனியின் தாளுக்கு அது நீளவில்லை. நாடு முழுவதையும் பீடித்த இரண்டாண்டு இடருக்கு எல்லாக் கருமங்களையும் தழுவிய நிவாரணம் கிடைத்தது. ஒரு பிரதேசத்தைப் பீடித்த இருபத்தாறாண்டு இடருக்கு ஒரு கருமத்துக்கே கிடைத்தது. இடரின் நீளத்தைவிட அதன் பரப்பே சட்டமியற்றுவோரை அசைத்தது என்று முடிவு செய்தல் தவறாகாது.

தண்டம் தவிர்க்கும் வழி

இன்று வன்னியில் அரிசி ஆலை, பாலுற்பத்தி, கடலுணவு முதலிய துறைகளில் கம்பனி அமைப்போர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. நடப்புச் சட்டத்தின்படி ஐந்தொகைத் திகதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள், முந்திய கூட்டத்திலிருந்து பதினைந்து மாதங்களுக்கு மேற்படாது, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறல் வேண்டும். கூட்டத்திலிருந்து முப்பது வேலை நாட்களுக்குள் ஆண்டுத் திரட்டு பதிவாளரைச் சேரவேண்டும். மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் கம்பனிக்கு முதலாவது எல்லை செப்டெம்பர் இறுதியிலும், இரண்டாவது ஏறக்குறைய நவம்பர் நடுப்பகுதியிலும் வரும். அதுவே வன்னியில் காலபோக விதைப்பும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றுசேரும் காலம். ஆகவே கூட்டத்தை ஆடி, ஆவணி மாதங்களிலேயே நடத்திவிடுதல் விவேகமாகும். பங்குதாரர் சிதறி வாழுமிடத்து, நூற்றுக்கு 85 வீதத்தினர் கையொப்பமிடும் எழுத்துமூலத் தீர்மானத்தால் கூட்டத்தின் அலுவலை நிறைவேற்றவும் சட்டம் இடமளிக்கின்றது.

பதிவு அலுவலக முகவரியும் பணிப்பாளரும் மாறும்போது காலந்தாழ்த்தாது அறிவித்தல் இன்றியமையாதது. பதிவாளரின் எச்சரிக்கை பழைய முகவரிக்கே சென்று, பதிலின்மையால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுதல் கூடும். தொழில் நின்றுவிட்ட கம்பனியைக் கவனிப்பாரற்று விடுதலினும், நீக்குமாறு தாமே விண்ணப்பித்தல் மேல். பதிவேடுகளின் பிரதிகளை வேறோர் ஊரிலும் வைத்திருத்தல் வன்னி தன் அனுபவத்தாற் கற்றுக்கொண்ட பாடம்.

தண்டம் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. கடன் கொடுத்தோனையும் தொழிலாளியையும் காக்கும் வெளிப்படைத்தன்மைக்குத் தவணை தேவை. தவணைக்குத் தண்டம் தேவை. ஆனால் சோம்பலாற் பிந்தியவனையும் பாதை மூடியதாற் பிந்தியவனையும் வேறுபடுத்தியறியும் ஆற்றல் சட்டத்துக்கு இருத்தல் வேண்டும். 1862இல் அது ஓரளவு இருந்தது. அதனை மீட்டெடுத்தல், பொது இடரால் ஒரு பிரதேசம் துண்டிக்கப்படும்போது தவணை தானாகவே நின்றுவிடும் நிலையான ஏற்பாடொன்றை வகுத்தல் என்பன சட்டமியற்றுவோர் முன்னுள்ள பணிகளாம்.