மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நகரங்களைத் தொடவில்லை. அன்றைய வட ஆற்காட்டின் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்ப்புறங்களுக்கே வந்தது. ஐந்து மணி நேரப் படிப்பு மூன்றாகக் குறைந்தது. மீதிப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும். மணிலாக்கொல்லையில் களையெடுப்பவர் மகனுக்கு அது களைக்கொத்துதான். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரண்டு வேளைப் பள்ளி கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கும் என்ற வாதத்தைத் தள்ள முடியாது. ஆனால் அந்தப் பற்றாக்குறைக்கான விலையைக் கிராமத்துப் பிள்ளை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? அதைவிட, சட்டமன்றத்தைக் கேட்காமலே திட்டம் நடைமுறைக்கு வந்ததுதான் எனக்குப் பெருங்குற்றமாகப் படுகிறது. பள்ளியை அரசு நடத்தத்தான் வேண்டும். ஆனால் கேட்காமல் மாற்றக் கூடாது. எதிர்ப்பு மூண்டு, 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கேட்காமல் மாற்றுவது அதோடு நிற்கவில்லை. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியபோது, கேட்பதற்குத் தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. அந்த ஜனவரியில்தான் திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது.