சர்க்கரையில்லா, கொழுப்பில்லா, கலோரியில்லா உணவுகள்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோரை முன்னிட்டு, சர்க்கரை, கொழுப்பு, கலோரி ஆகியவற்றுள் ஒன்றை நீக்கியோ வெகுவாகக் குறைத்தோ விற்கப்படும் உணவுகள். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று அச்சிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. கொழுப்புக்கும் அதே வரம்புதான். கலோரியில்லா பானத்தில் 100 மில்லி லிட்டருக்கு 4 கிலோகலோரி வரை இருக்கலாம்.

இவற்றின் வரலாறு சாக்கரின் என்ற செயற்கை இனிப்பூட்டியில் தொடங்குகிறது. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் கரித்தார்ச் சேர்மங்களை ஆராய்ந்துவந்தவர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். ஒரு நாள் சரியாகக் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தவருக்கு ரொட்டி வழக்கத்துக்கு மாறாக இனித்தது. ஆய்வுக்கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது; காப்புரிமையோ ஃபால்பெர்க்குக்கு மட்டும் போனது. ரெம்சன் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. முதல் உலகப்போரின் சர்க்கரைத் தட்டுப்பாடு சாக்கரினை வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

1965இல் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியும் விரலை நாவால் தொட்டதால்தான் தெரியவந்தது. சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் 1976இல் லண்டனில் கண்டறியப்பட்டது. சோதித்துப் பார்க்கச் சொன்னதைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாக நினைத்து வாயில் போட்டவர் இந்தியரான சசிகாந்த் பட்னிஸ் என்பர்.

திருவனந்தபுரம் பழவங்காடியில் விற்கும் நேந்திரங்காய் சிப்ஸ் 'சர்க்கரையில்லா' என்ற வகைப்பாட்டின் குறையை நன்றாகக் காட்டுகிறது. உப்பு சிப்ஸில் யாரும் சர்க்கரை சேர்ப்பதில்லை. ஆனால் மெல்லிய வில்லைகள் தேங்காய் எண்ணெயில் பொரிந்து வரும்போது 100 கிராமுக்கு 500 கிலோகலோரிக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒரு கிராம் கொழுப்பே 9 கிலோகலோரி தரும். சர்க்கரையில்லா பிஸ்கட்டின் கதையும் இதுவே: இனிப்பு போனாலும் மைதாவும் பாமாயிலும் அப்படியே இருக்கின்றன. அதில் சேரும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பூட்டி கிராமுக்குச் சுமார் 2 கிலோகலோரி தருவதுடன், அளவு மிஞ்சினால் வயிற்றையும் கலக்கும்.

கேரள அரசு 2016இல் பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு 'கொழுப்பு வரி' விதித்தது; நல்ல முயற்சி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது மறைந்தது. எடைக் கட்டுப்பாட்டுக்கு மாற்று இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. எடை குறைக்க நினைப்பவர்கள் பொட்டலத்தின் பின்புற அட்டவணையில் மொத்த கலோரியைப் பார்த்து வாங்க வேண்டும்.