வேலணையின் துதிக்கை

அண்மையில் மச்சாளின்ர கலியாணக் காட் அடிக்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். பெயர்களை இங்கிலிஷில் போட ஆயிரம் வளைவுகள். அதிலொன்று எட்வேர்டியன் ஸ்கிரிப்ட், எட் பென்கியாட் 1994இல் வடிவமைச்சது. பார்த்தால் யாரோ கூர்நுனிப் பேனையால் அழுத்தி, தளர்த்தி எழுதின மாதிரியே இருக்கும். தமிழுக்கு வந்தபோது கடைக்காரர் நாலைந்து எழுத்துருக்களைத்தான் காட்டினார். எல்லாம் நிமிர்ந்து நிக்கிற அச்செழுத்துகள்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாதிரிப் பிரதியைப் பார்த்தா. "வேலணை எண்டு இப்பிடியே எழுதுறது?" எண்டு கேட்டா. பேனையை வாங்கி, ணகரத்தின் தலையில் ஒரு துதிக்கை வளைச்சுக் காட்டினா. கை நடுங்கினாலும் கோடு நடுங்கவில்லை.

அந்தத் துதிக்கைக்குப் பெரிய வரலாறு இருக்கு. ஓலையில் எழுதுகிறவர் எழுத்தாணியை விட ஓலையைத்தான் அதிகம் நகர்த்துவார். கோடு முழுக்க ஒரே தடிப்பு. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். எங்கட எழுத்தின் அழகு அழுத்தத்தில் இல்லை, சுழிப்பில் இருக்கு.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லைடன் என்று பெயர் வைச்சார்கள். அவர்களோடு வந்த பாதிரியார் பல்தேயஸ் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்துகளைத் தகட்டில் செதுக்கிப் பதிப்பிச்சார். பிறகு ஈய அச்சு வந்தது. நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் தொடங்கினார். ணை, லை, ளை, னை நாலும் துதிக்கையோடுதான் அச்சாகின.

அச்சுக்கோப்பை எளிதாக்க வேணும் என்று பெரியார் 1935இல் குடிஅரசில் புது வடிவங்களைக் கொண்டுவந்தார். 1978இல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. காலப்போக்கில் இங்கேயும் அதுவே வழக்கமாச்சு. அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. சின்னப்பிள்ளைகளுக்கு எழுத்துப் படிக்கிறது லேசாச்சு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. யுனிகோட்டில் பழைய ணைக்கும் புது ணைக்கும் ஒரே குறியீடுதான். எந்த வடிவில் காட்டுறது என்று தீர்மானிக்கிறது எழுத்துரு. அப்பிடியெண்டால் அம்மம்மாவின்ர துதிக்கையைக் கணினி தடுக்கவில்லை. அதை வரைஞ்சு எழுத்துருவுக்குள் வைக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

இங்கிலிஷ்காரர் தங்கட பாட்டன்மாரின் கையெழுத்தைக் கலியாணக் காட்டில் காப்பாத்தி வைச்சிருக்கினம். எங்கட பாட்டிமாரின் கையெழுத்து பழைய கடிதங்களோடு றங்குப்பெட்டிக்குள் செல்லரிச்சுப் போகுது.

கடைசியில் காட் புது எழுத்திலதான் வந்தது. உறைகளில் மட்டும் விலாசத்தை அம்மம்மாவே எழுதினா. நூற்றுச் சொச்சம் உறை, மூன்று பின்னேரம். ஒன்றை நான் ஒருவருக்கும் குடுக்காமல் எடுத்து வைச்சிருக்கிறன். உங்கட வீட்டிலும் ஒரு கடிதம் கிடக்கும். தேடி, ஒரு படம் எடுத்து வையுங்கோ.